மூக்குக்கு என்ன நஷ்டஈடு

வத்தலகுண்டில் காபிக்கொட்டை வறுக்கும் செங்கமலத்தின் மேல் ஒரு வேன் மோதியது. தலைக்காயம் ஆறிவிட்டது. ஆனால் வாசனை தெரியாமல் போயிற்று.

வழக்கில் இன்சூரன்ஸ் வக்கீல் சிதம்பரநாதன் எழுந்தார். "ஆஸ்பத்திரிச் செலவைத் தரலாம். வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலியும் தரலாம். மூக்குக்கு எதுக்கு நஷ்டஈடு? வாசம் தெரியாம இந்தம்மாவுக்கு அப்படி என்ன போயிடுச்சு?"

செங்கமலம் மஞ்சள் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். "காலையில வறுத்து அரைச்சது சார். எப்படி இருக்குன்னு நீங்களே சொல்லுங்க."

வக்கீல் அலட்சியமாக முகர்ந்தார். கண்கள் தாமாக மூடிக்கொண்டன.

"கல்யாணமான புதுசு," என்றார் மெதுவாக. "ஊட்டி ரயில். ஜன்னல் பூரா மூடுபனி. அவ கையில ஒரே ஒரு டம்ளர் காபி, ரெண்டு பேருக்கும்..."

நீதிபதியின் பேனா ஓடும் சத்தம் கேட்டு வக்கீல் கண் திறந்தார்.

"என்ன எழுதறீங்க ஐயா?"

"என்ன போச்சுன்னு கேட்டீங்களே," என்றார் நீதிபதி. "அதுக்கு நீங்க சொன்ன பதிலை."

தீர்ப்பில் மூக்குக்கும் நஷ்டஈடு இருந்தது. செங்கமலம் பொட்டலத்தை மடித்து வக்கீலிடமே நீட்டினாள்.

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க சார். எனக்கு அது வெறும் தூள்."