பீரங்கிமேல் வைத்த கோப்பு

ஆணையர் ஆவுடையப்பனுக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. வயிற்றுக்கு ஒன்றுமில்லை, எல்லாம் கோபம். ஐம்பத்தாறு வயசில், நாலு ஊர் நகராட்சியைக் கட்டி மேய்த்த மனிதரை ஒரு பொம்பளை நடுத்தெருவில் சாணித் தண்ணீரால் குளிப்பாட்டிவிட்டாள். மனசு ஆறுமா?

நடந்தது இதுதான். ஊருக்கு நடுவில் ஒரு மலை, மலைமேல் பழைய கோட்டை. கோட்டை பார்க்க வருகிறவர்கள் வண்டி நிறுத்த இடம் வேண்டும், மேலே நின்று ஊரைப் பார்க்கக் காட்சிமேடை வேண்டும், ஊர்ப் பேரை ஆளுயர எழுத்தில் வைத்துப் பக்கத்தில் சிவப்பாக ஓர் இதயமும் வைக்க வேண்டும் என்று திட்டம் வந்தது. தென்சரிவில் நாற்பத்து மூன்று வீடுகள். கல் உடைக்கிற சனம். அவர்களைக் கிளப்பிவிட்டால் இடம் தயார்.

ஆணையர் நோட்டீஸ் ஒட்டப் போனபோது அங்கே குடியிருந்த ஒச்சம்மா வாசல் தெளிக்கச் சாணி கரைத்துக்கொண்டிருந்தாள். முதலில் கும்பிட்டுத்தான் கேட்டாள்.

"பேத்தி பத்தாவது பரீட்சை எழுதப்போறா சாமி. ஒரு மாசம் பொறுங்க. அப்புறம் நாங்களே சட்டி பானையைத் தூக்கிட்டுப் போயிடறோம்."

"அதெல்லாம் ஆபீஸ்ல வந்து எழுதிக் குடு" என்று சொல்லி ஆணையர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பார்த்ததுதான் தாமதம், வாளி அவர் தலையில் கவிழ்ந்தது.

அலுவலகத்தில் ஒருத்தரும் அவர் முன்னால் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் எரிந்தது.

இடிக்கிற உத்தரவு மேசைமேல் கிடந்தது. ஒரு கையெழுத்து விழுந்தால் திங்கட்கிழமை காலையில் ஜேசிபி வந்துவிடும். ஆனால் மனிதரால் போட முடியவில்லை. காரணம், திலகவதி அம்மா.

திலகவதி அம்மாவுக்கு நாற்பது வயசு இருந்தால் அதிகம். மேலவீதியில் சின்னதாய் ஒரு மடம் நடத்துகிறார். ஆணையர் இந்த ஊருக்கு மாற்றலாகி வந்த நாளிலிருந்து ஞாயிறு தவறாமல் அங்கே போய்த் தரையில் உட்காருவார். "கோபத்தில் எந்தக் காரியமும் செய்யாதீர்கள்" என்று அம்மா எப்போதோ சொன்னதை உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உத்தரவுக் கோப்பைத் தோள்பையில் போட்டுக்கொண்டு மடத்துக்கு வந்துவிட்டார்.

"அம்மா, இந்தக் கோபத்தை எப்படி விடறது?"

"யார் மேல?"

"ஒச்சம்மா மேல. பேனாவை எடுத்தா அவ மூஞ்சிதான் வந்து நிக்குது. அந்தப் பல்லு, அந்த வாயி, அந்தக் கத்தல். அப்படியே பத்திக்கிட்டு வருது எனக்கு."

"விட்டுட்டு என்ன செய்யப்போறீங்க?"

"நிம்மதியா கையெழுத்துப் போடுவேன். பழிவாங்கப் போட்டேன்னு நாளைக்கு என் மனசாட்சி என்னைக் கேட்கக் கூடாது பாருங்க. வேலை வேற, வஞ்சம் வேற."

அம்மா எழுந்தார்.

"அந்தக் காட்சிமேடை எங்க வரப்போகுது? எனக்குக் காட்டுங்க."

இருவரும் மேற்கு வாசல் வழியாக ஏறினார்கள். படிகள் ஒன்று முழங்கால் உயரம், அடுத்தது நாலு விரல் உயரம். எதிரி ஓடி ஏறக் கூடாதென்று அப்படி வெட்டினார்களாம். எதிரி தடுக்கினானோ இல்லையோ, ஆணையர் மூன்று இடத்தில் தடுக்கினார். ஒவ்வொரு தடவையும் ஒச்சம்மாவைத்தான் திட்டினார்.

"ஊருக்கு நல்லது செய்யப் போனா சாணியா? இவளுக்கெல்லாம் இரக்கம் பார்த்தா நான் மனுஷனே இல்ல. ஒரு மாசமாம்! ஒரு மணி நேரம் குடுக்க மாட்டேன்!"

அம்மா முன்னால் ஏறினார்.

உச்சியில் இடிந்த மதில், கூரையில்லாத மண்டபம், வெடிமருந்துக் கிடங்கு. சுவரெல்லாம் யார் யாரோ யார் யாரையோ காதலித்த பெயர்கள். தெற்கு விளிம்பில் கிழங்குபோலப் பெருத்த ஒரு பீரங்கி. அதன் வாய்க்குள் யாரோ தண்ணீர் பாட்டிலைத் திணித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

காற்று சுழற்றி அடித்தது. ஆணையர் மதிலைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தார். பஸ் ஸ்டாண்ட், கோபுரம், பள்ளிவாசல், மாதா கோயில், மில் புகைபோக்கி, ரயில் பாதை, அதைத் தாண்டிப் பாதி வற்றிய கண்மாய். சத்தமே இல்லை. ஹாரன்கூட மேலே வரவில்லை.

அவருடைய தோள்கள் மெல்லத் தளர்ந்தன.

"அடேயப்பா!" என்றார். "இந்த ஊரிலயா நான் மூணு நாளா வெந்துக்கிட்டு இருந்தேன்? ஒரு பாயில சுருட்டிடலாம் போல இருக்கே!"

"தென்சரிவு எங்க?"

"இதோ, நமக்கு நேர் கீழே. நீலமா தார்ப்பாய் தெரியுதே."

"ஒச்சம்மா வீடு எது?"

ஆணையர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "எல்லாமே நீலமாத்தான் இருக்கு. இங்கிருந்து எப்படிச் சொல்றது?"

"ஆளுங்க நடமாடுறாங்களே. அதில அவ யாரு?"

"புள்ளி புள்ளியாத் தெரியுதும்மா. ஆம்பளையா பொம்பளையான்னே தெரியல."

"கோபம்?"

அவர் நெஞ்சில் கைவைத்துத் தேடிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"இல்லம்மா! சத்தியமா இல்ல. துடைச்சுவிட்ட மாதிரி போயிடுச்சு. அவ மூஞ்சியை நினைச்சுப் பார்க்கிறேன், வரவே மாட்டேங்குது. இதுக்குத்தான் என்னை மேல கூட்டிட்டு வந்தீங்களா? இவ்வளவு சுலபமா!"

கண்ணில் நீர் கோத்துக்கொண்டது மனிதருக்கு. அவசர அவசரமாகப் பையைத் திறந்து கோப்பை எடுத்தார். வைக்கத் தோதாக ஓரிடம் தேடினார். பீரங்கியின் முதுகு இடுப்பளவுக்கு வாகாக இருந்தது. அதன்மேல் கோப்பை விரித்து, காற்றில் தாள் பறக்காமல் முழங்கையால் அழுத்திக்கொண்டு, பேனா மூடியைக் கழற்றினார்.

"இப்போ போடறேன்மா. துளி வஞ்சம் இல்லாம போடறேன்."

"எடு கையை!"

ஆணையர் நடுங்கிப்போனார். அந்த மடத்துக்கு வந்துபோகிற யாரும் அம்மா குரல் உயர்த்திக் கேட்டதில்லை. அவரை 'நீ' என்று அம்மா சொன்னதும் இல்லை. இப்போது அம்மாவின் முகம் சிவந்து, கழுத்து நரம்பு துடித்தது. ஓங்கி ஓர் அடி, கோப்பின்மேல். பேனா தெறித்துப் போய்க் கல் இடுக்கில் விழுந்தது.

"அம்மா... நான் என்ன தப்பு செஞ்சேன்? கோபம்தான் போயிடுச்சே!"

"போயிடுச்சுல்ல? சந்தோஷமா இருக்குல்ல?"

"கோபத்தோட எதுவும் செய்யக் கூடாதுன்னு நீங்கதானேம்மா சொன்னீங்க!"

"சொன்னேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். நாற்பத்து மூணு வீட்டை இடிக்கப் போறவன் அதைக் கேட்டுட்டுப் போய்க் கைகழுவத் தண்ணி தேடுவான்னு எனக்குத் தெரியாமப் போச்சு."

ஆணையருக்கும் சுருக்கென்று ஏறியது. "அப்போ எதுக்கு என்னை இங்க கூட்டிட்டு வந்தீங்க? மனசு ஆறட்டும்னுதானே?"

"உன் மனசு ஆறுறதுக்கா நான் மலை ஏறினேன்? இங்கிருந்து பார்க்கிறதுக்குத்தான் மேடை கட்டப்போறேன்னு சொன்ன. என்ன தெரியுதுன்னு பார்க்க வந்தேன்."

அம்மா பீரங்கியின்மேல் உள்ளங்கையை வைத்தார். வெயிலில் கொதித்துக் கிடந்த இரும்பு. கையை எடுக்கவில்லை.

"இதை இங்க ஏத்தி வச்சானே, அவனுக்கும் கீழே இருந்தவங்க மேல ஒரு கோபமும் இல்ல. அவனுக்கும் புள்ளி புள்ளியாத்தான் தெரிஞ்சுது. நீ சொன்ன அதே நிம்மதியிலதான் அவனும் பத்த வச்சான்."

ஆணையர் கோப்பை எடுத்து மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். கீழே பார்க்கப் பயமாக இருந்தது அவருக்கு.

"நாளைக்குக் காலையில நான் மேலிடத்துக்குப் பதில் சொல்லியாகணும்மா. இப்போ இதில கையெழுத்துப் போடறதா, வேண்டாமா? அதையாவது சொல்லுங்க."

"போடு. வேண்டாம்னு நான் சொல்லல. ஆனா இங்க நின்னு போடாதே. கீழே இறங்கி, அவ வாசல்ல உட்கார்ந்து, அவ முகத்தைப் பார்த்துக்கிட்டே போடு."