மூன்றாம் முறைக்கு ஓர் ஆணி

ஒரு காலத்தில் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி நாமக்கல்லுக்கு ஒரு லாரி வந்தது. எப்படி வந்தது என்று கேட்கிறவர்கள் கதை கேட்க லாயக்கில்லாதவர்கள். வந்த லாரி, பிறந்த ஊர்ச் சட்டத்தையும் கூடவே ஏற்றிக்கொண்டு வந்துவிட்டது.

சட்டம் இதுதான். முன்னால் இடது பக்கம் உருளும் டயர்தான் தலைவர். நாலு நடை லோடு போய் வந்தால் ஒரு தேர்தல். யாரையும் இரண்டு முறைக்கு மேல் தேர்ந்தெடுக்கக் கூடாது. நிற்பவருக்கு முப்பத்தைந்து மாதமாவது ஆகியிருக்க வேண்டும். மேல் வயசுக்கு வரம்பு கிடையாது. வயசானால் தானாகவே வெட்கம் வந்துவிடும் என்று சட்டம் எழுதியவர்கள் நம்பியிருக்கிறார்கள், பாவம்.

லாரிக்கு அடியில் சங்கிலியில் மல்லாந்து தொங்கும் ஸ்டெப்னி, துணைத் தலைவர். அவனுக்கு ஒரே வேலை, காலையில் எழுந்து தலைவர் வெடித்துவிட்டாரா என்று விசாரிப்பது.

"அண்ணன் நல்லா இருக்காருங்களா?"

"கல்லாட்டம் இருக்காரு. நீ தொங்கு," என்று பின் டயர்கள் சிரிக்கும்.

எட்டு நடை இப்படியே போயிற்று. கல்கத்தா வரைக்கும் போய் வந்தும், ஸ்டெப்னி ரோட்டை ஒரு முழத் தூரத்தில் பார்த்திருக்கிறானே தவிர தொட்டதில்லை. ஒரு நாளாவது தரையில் உருள வேண்டும். அவன் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

தலைவர் மொட்டையப்பருக்கு மேல் ரப்பர் பட்டனெல்லாம் தேய்ந்து உள்நூல் எட்டிப் பார்த்தது. இரண்டு முறையும் முடிந்துவிட்டது. இறங்கத்தான் மனசில்லை. என்றைக்கோ அவர் உடம்பில் ஏறிய ஓர் ஆணி, அங்கேயே தங்கி, நாளாவட்டத்தில் ஆலோசகராகிவிட்டிருந்தது.

"மூணாவது தடவ தேர்ந்தெடுக்கக் கூடாதுன்னுதானே சட்டம்? மாட்டக் கூடாதுன்னு இருக்குதுங்களா?" என்றது ஆணி.

"இல்லையே."

"அப்ப நீங்க ஸ்டெப்னிக்கு நில்லுங்க. அந்தப் பையன் தலைவனாகட்டும். வழியில அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா உங்களை மாட்டித்தானே ஆகணும்?"

"அவனுக்கு என்ன ஆவும்? புது டயரு."

"நான் எதுக்குங்க இருக்கேன்?"

விவகாரம் ஜாக்கியிடம் போயிற்று. டூல்ஸ் பெட்டிக்குள் ஆயுள் முழுக்க நீதிபதி அது. வெகுநேரம் யோசித்தது, துருப்பிடித்தவர்கள் சும்மா இருந்தாலும் யோசிப்பது போலத்தான் இருக்கும். பிறகு தீர்ப்புச் சொல்லியது: "தூக்குறதுதான் என் வேலை. யாரைத் தூக்குறேன்னு பாக்குறது என் வேலை இல்லை."

தேர்தலில் இருவரும் ஜெயித்தார்கள். "அண்ணனாட்டம் பெரிய மனசு யாருக்கு வரும்," என்று ஸ்டெப்னி கண் கலங்கினான். ஷெட்டில் டிரைவர் செங்கோடன் இருவரையும் இடம் மாற்றினார். தன் இஷ்டப்படி மாற்றியதாகத்தான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார். அந்தச் சந்தடியில் ஆணி நழுவி, புதுத் தலைவரின் பட்டன் இடுக்கில் போய் உட்கார்ந்துகொண்டது.

தார் ரோடு சுட்டது. சுட்டதே அவனுக்கு இனித்தது. ஒவ்வொரு வேகத்தடையையும் கும்பிட்டு ஏறி இறங்கினான். சேலம் தாண்டி, தொப்பூர் ஏற்றத்தில் பாரம் அழுத்தியபோது, ஆணி மெல்ல உள்ளே இறங்கியது.

உஸ்ஸ்.

"ஆச்சு," என்றார் அடியில் தொங்கிய மொட்டையப்பர். குரல் ஏனோ தொளதொளவென்று வந்தது.

செங்கோடன் வண்டியை ஓரங்கட்டி, ஸ்டெப்னியான அவரை இறக்கி ஓர் உதை விட்டார். கால் அப்படியே அமுங்கியது. இத்தனை நடையும் மொட்டையப்பரின் காற்றை அடைத்துக்கொண்டிருந்ததே அந்த ஆணிதான். ஆளைக் கவிழ்க்க ஆணியை அனுப்பியவர், அது இருந்த ஓட்டை தன்னிடமே தங்கிவிடும் என்பதை மறந்துவிட்டார்.

நல்லவேளை, பக்கத்திலேயே பஞ்சர் கடை. கடைக்காரர் இளையவனிடமிருந்து ஆணியைப் பிடுங்கி டப்பாவில் போட்டார். ஒட்டுப் போட்டு மறுபடி முன்னால் மாட்டினார். மூத்தவரைப் புரட்டிப் பார்த்தார்.

"இதுக்கு ஒட்டுப் போடணும்னா, மொதல்ல டயர் வேணும்ணே."

கடையில் கிடந்த வேறொரு டயர் ஸ்டெப்னியாயிற்று. மறுநாள் காலையே, "அண்ணன் நல்லா இருக்காருங்களா?" என்று அது விசாரிக்கத் தொடங்கிவிட்டது. மொட்டையப்பருக்கு வெள்ளை பெயின்ட் அடித்து, 'பஞ்சர்' என்று சிவப்பில் எழுதி, ரோட்டோரம் நட்டுவைத்தார்கள். போகிற லாரிக்கெல்லாம், தான் மூன்றாம் முறையும் ஜெயித்துவிட்டதாகவும், இந்தப் பதவிக்கு வரம்பே இல்லையென்றும் அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

இளையவன் நன்றாகத்தான் ஓடினான். இரண்டாம் முறையும் ஜெயித்தான். எட்டாவது நடையில் லாரி அந்தக் கடையைக் கடந்தபோது மொட்டையப்பர் கூப்பிட்டார்.

"தம்பி, எத்தனாவது நடை?"

"எட்டுங்கண்ணா. இதோட சரி."

"ஆணி வேணும்னா சொல்லு. இங்க டப்பா நெறையக் கெடக்குது."

அவன் நிற்காமல் உருண்டான். ஆனால் அந்த இடத்தில் ஸ்டியரிங் லேசாக இடது பக்கம், கடையைப் பார்த்து இழுத்ததாகச் செங்கோடன் சொல்கிறார்.