ஓணான் தலையை ஆட்டியது எதற்கு

அந்தக் காலத்தில் ஊர்கிறதும் பறக்கிறதும் ஒரே பாஷையில் பேசிக்கொண்டிருந்தன. அப்போது முள்ளடர்ந்த ஓர் உடைமரக் காட்டோரம் முள்ளப்பன் என்று ஓர் ஓணான் இருந்தான். முட்டையை உடைத்து, மண்ணைத் தோண்டிக்கொண்டு மேலே வருகிற நேரத்தில் அவன் காதுகளில் மண் புகுந்து அடைத்துக்கொண்டது. யார் பேசினாலும் பானைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரிதான் அவனுக்குக் கேட்கும்.

சின்ன வயதில் ஒரு நாள் காடை ஓடி வந்து, "மழை வருது, மழை வருது!" என்றாள்.

"மலை எப்படி நடந்து வரும்?" என்று கேட்டான் முள்ளப்பன்.

காடே சிரித்தது. காடை மண்ணில் புரண்டு புரண்டு சிரித்தாள். புதருக்குள் போய் ஒளிந்த முள்ளப்பன், மழை பெய்து ஓய்ந்த பிறகும் வெளியே வரவில்லை. இனி உயிரே போனாலும் யாரிடமும் 'என்ன?' என்று கேட்பதில்லை என்று அங்கேயே முடிவு செய்துவிட்டான்.

அதன் பிறகு யாராவது வாயைத் திறந்தால் போதும், தலையை மேலும் கீழும் ஆட்டி, "எனக்குத் தெரியும்" என்பான். அடுத்த வார்த்தை வருவதற்குள் தானே பேச ஆரம்பித்துவிடுவான். காற்று எப்போது திசை மாறும், எறும்பு ஏன் முட்டையைத் தூக்கிக்கொண்டு போகிறது என்றெல்லாம் கண்ணால் பார்த்தே அவன் கற்றுவைத்தது ஏராளம். கேட்டவர்கள் முதலில் வியந்தார்கள். போகப் போக அலுத்துப்போனார்கள். ஒரு முறை முயல், தன் குட்டி செத்துப்போனதைச் சொல்லி அழ வந்தது. "தெரியும், தெரியும்" என்றவன், வானத்தில் வட்டமிட்ட ஒரு பருந்தைக் காட்டி, பருந்துகளின் வகைகளைப் பற்றி விளக்கத் தொடங்கினான். முயல் அதற்கப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை.

'இந்த மட்டிகளோடு எனக்கு என்ன பேச்சு' என்று முள்ளப்பன் காட்டோர வேலியின் உச்சிக்குக் குடிபோனான். சாயங்காலம் கீழே எல்லோரும் கூடிச் சிரிக்கும்போது, தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்களோ என்று முகத்தைத் திருப்பிக்கொள்வான். வரிச்சி என்ற அணில் மட்டும் எப்போதாவது ஏறி வந்து, ஓர் இலந்தைப் பழத்தை வைத்துவிட்டுப் போவாள். அவள் வருகிற நாளில் அவனுக்கு மனசு லேசாக இருக்கும். அதை அவன் காட்டிக்கொண்டதில்லை.

ஒரு வருஷம் மழை பொய்த்தது. ஊருணி வறண்டு வெடித்தது. இலந்தை காய்ந்தது. ஒரு காலையில் வரிச்சி வேலி ஏறி வந்தாள். சொல்லச் சங்கடமான சேதி என்பதால் குரல் தானாகத் தாழ்ந்தது.

"அண்ணே, நாங்க எல்லாரும் ஆத்துக்கு அந்தாண்ட போறோம். உங்களைக் கூப்பிடவே வேணாம்னு சொல்றாங்க. உங்களுக்கு யாரும் தேவையில்லையாம். நான் நம்பலை. நீங்களே சொல்லுங்க, நிஜமாவே நாங்க யாரும் வேணாமா?"

காற்று பலமாக வீசியது. முள்ளப்பன் அவள் வாயையே பார்த்தான். ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் அவள் கண் கலங்கியிருந்தது தெரிந்தது. ஏதோ பெரிய விஷயம் என்று புரிந்தது. 'என்ன சொன்னே?' என்ற இரண்டு வார்த்தைகள் தொண்டை வரைக்கும் வந்துவிட்டன. தொண்டை புடைத்தது, வெட்கத்தில் சிவந்தது. காடை புரண்டு சிரித்த அந்த நாள் கண்முன் வந்து நின்றது.

அவன் தலையை ஆட்டினான்.

"எனக்குத் தெரியும்," என்றான்.

வரிச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு இறங்கிப் போய்விட்டாள்.

உச்சிப்பொழுதில் ஆற்றுப் பக்கம் புழுதி கிளம்பியது. கடைசியில் போன வரிச்சி திரும்பித் திரும்பி வேலியைப் பார்த்துக்கொண்டே போனாள். அப்போதுதான் முள்ளப்பனுக்கு அவள் உதடுகள் அசைந்த விதம் ஒவ்வொன்றாகச் சேர்ந்து அர்த்தமாகியது. வேலி முனை வரைக்கும் ஓடினான். "வரிச்சி! என்ன சொன்னே? இன்னொரு தரம் சொல்லு!" என்று கத்தினான். அவ்வளவு தூரத்துக்கு அவன் குரல் எட்டவில்லை.

அடுத்த மழைக்கு அவர்கள் திரும்பி வந்தார்கள். பேச வேண்டும் என்று முள்ளப்பன் ஆசைப்பட்டான். ஆனால் யாராவது நெருங்கினாலே பயத்தில் தலை தானாக ஆடியது. பார்த்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள்.

அன்று முதல்தான் ஓணான் வேலியில் தன்னந்தனியாக உட்கார்ந்திருக்கிறது; கிட்டே போகிறவர்கள் வாயைத் திறக்கும் முன்பே தலையை ஆட்டுகிறது; கேட்காமல் விட்ட கேள்வி இன்னமும் அதன் தொண்டையில் சிவந்து நிற்கிறது.