எண் பெற்ற தவளை

முன்பொரு காலத்தில், ஒரு கிளை நூலகத்தின் சிறுவர் பிரிவில், மேசைமேல் இருந்த கண்ணாடித் தொட்டி ஒன்றில், கட்டைவிரல் அளவேயான நீர்த்தவளை வாழ்ந்துவந்தது. நூலகர் பொற்கொடி வளர்த்த தவளை அது. எப்போதும் நீருக்குள்ளேயே இருக்கும். மூச்சு வாங்க மட்டும் மேலே வரும்.

அது மேலே வரும்போதெல்லாம் யாராவது ஒரு குழந்தை கேட்கும்: “அக்கா, தண்ணிக்குள்ளயே இருக்கிறது எதுக்கு மேல வருது?”

பொற்கொடி பதில் சொல்லமாட்டாள். நீர்வாழ் உயிர்களைப் பற்றிய புத்தகம் ஒன்றைக் கையில் கொடுத்துவிடுவாள். முதுகு கிழிந்த அந்தப் புத்தகம் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் அலமாரியில் இருந்ததில்லை.

“உன்னால் எனக்கு உட்கார நேரமில்லை” என்று புத்தகம் தவளையிடம் அலுத்துக்கொள்ளும். அந்த அலுப்பில் பெருமைதான் அதிகம்.

அதே மேசைமேல், நூலகத்துக்கு வரும் ஒவ்வொன்றையும் எண்ணிட்டுப் பதியும் சேர்க்கைப் பதிவேடு கனத்துக் கிடந்தது. அதற்கு இது பிடிக்கவில்லை.

“உன் எண் என்ன?” என்று ஒருநாள் தவளையைக் கேட்டது.

“எண்ணா? எனக்கு நான்கு கால்கள் இருக்கின்றன.”

“கால் யாருக்கு வேண்டும்? என்னிடம் எண் இல்லாதது இந்த நூலகத்திலேயே இல்லை. நாளை இருப்புச் சரிபார்க்க அதிகாரி வருகிறார். இல்லாதவற்றை வெளியேற்றுவது அவர் வேலை.”

தவளை தொட்டியின் அடியில் போய் ஒட்டிக்கொண்டது. இந்த நீருக்கு வெளியே அதற்கு உயிர் இல்லை.

மறுநாள் அதிகாரி வந்தார்.

“இது என்ன மேடம்?”

“தவளை சார்.”

“அது எனக்கும் தெரியுது. பதிவேட்டுல எந்தப் பக்கம்?”

“இதைப் பார்க்கத்தான் சார் பிள்ளைங்க வர்றாங்க.”

“பிள்ளைங்க வர்றதுக்கு வேற பதிவேடு இருக்கு. எண் போடுங்க, இல்லைன்னா இன்னைக்கே வெளிய எடுங்க.”

பொற்கொடி எண் போட்டாள்: 8416. சீட்டில் எழுதித் தொட்டியில் ஒட்டினாள்.

“இனி நான் இருக்கிறேன்!” என்று தவளை புத்தகத்திடம் கூவியது.

“இதுவரை என்ன செய்துகொண்டிருந்தாயாம்?” என்றது புத்தகம்.

அதிகாரி இன்னும் கிளம்பவில்லை. “ஒரே பிரதி. உடையக்கூடியது. பார்வை நூல் பிரிவுல வெச்சுப் பூட்டுங்க. விதி அப்படி.”

சிறுவர்களுக்கு அனுமதியில்லாத பிரிவு அது. தொட்டி அங்கே கண்ணாடி அலமாரிக்குள் போயிற்று. பொற்கொடி தினமும் பூட்டைத் திறந்து இரை போட்டாள், நீர் மாற்றினாள், பூட்டினாள். தவளை மூச்சு வாங்க மேலே வந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை.

பக்கத்தில் தோல் அட்டையிட்ட கலைக்களஞ்சியம் ஒன்று நின்றது.

“எவ்வளவு காலமாக இங்கே இருக்கிறீர்கள், ஐயா?”

“எண் வாங்கிய நாளிலிருந்து.”

அடுத்த ஆண்டும் சரிபார்ப்பு நடந்தது. பதிவேடு கைக்குக் கை மாறி அந்த அலமாரிக்கும் வந்து சேர்ந்தது.

“என் முதுகு கிழிந்த நண்பன் எப்படி இருக்கிறான்?” என்று தவளை கேட்டது.

“காணவில்லை” என்றது பதிவேடு வெறுப்புடன். “ஒரு சிறுமி எடுத்துப் போனாள். திருப்பித் தர வந்தவள், தொட்டி இல்லாத மேசையைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தோடு திரும்பிவிட்டாள். இப்போது அந்தப் புத்தகம் அவள் தெருவில் வீடு வீடாகச் சுற்றுகிறதாம். ஒழுங்கு கெட்டது.”

“நான்?”

“8416. பத்திரமாக இருக்கிறது.”

தவளை மூச்சு வாங்க மேலே வந்தது. காணாமல் போவது எப்படி என்று முதன்முறையாக யோசித்தது.