வரிப்பெட்டிக்கு முதல் போணி

ஈரோட்டில் செங்கோட்டுவேலு என்று ஒரு முதலாளி. வாயைத் திறந்தால் ஊரையே விலைக்கு வாங்குவார். ஏ.டி.எம். மாதிரி ஒரு பெட்டியை பஸ் ஸ்டாண்டுகளில் வைத்துவிட்டால் ஜனங்கள் வருமான வரிக் கணக்கைத் தாங்களே தாக்கல் செய்துகொள்வார்கள், ஆடிட்டரே தேவையில்லை என்பது அவருடைய திட்டம். அதில் பணம் போட மில்காரர் சென்னியப்பன் வந்திருந்தார். பெட்டிக்குச் சந்தனம், குங்குமம் எல்லாம் ஆயிற்று.

"எங்க ஆபீஸ் கூட்டறவளே தாக்கல் பண்ணிக் காட்டுவா பாருங்க" என்று முதலாளி பாவாத்தாளைக் கூப்பிட்டார். அவள் காதோரம், "சொதப்பினா நாளைக்கு வேலைக்கு வராதே" என்றார்.

பாவாத்தாளுக்கு அந்தப் பெட்டியில் ஒரு எழவும் புரியவில்லை. விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டுக் கைகட்டி நின்றாள்.

"பண்றேனுங்க. ஆனா புதுப் பெட்டிக்கு முதல் போணி கைராசிக்காரங்கதான் பண்ணோணும். உங்க கைராசி ஊருக்கே தெரியுமுங்களே. நீங்க உங்க கணக்கைப் போடுங்க, நான் பாத்து அப்படியே பண்ணிப்போடறேன்."

"நியாயந்தானுங்க" என்று சென்னியப்பன் இன்னும் கிட்டே வந்து நின்றார்.

வேறு வழியில்லாமல் முதலாளி பொத்தானை அழுத்தினார். பெட்டி கணீரென்று கேட்டது: "உங்களுக்கு எத்தனை வீடுகள்? யார் யார் பெயரில்?"

முதலாளி சென்னியப்பனை ஓரக்கண்ணால் பார்த்தார். விரல் பொத்தான் பக்கமே போகவில்லை. மெல்லத் திரும்பிக்கொண்டு செல்போனில், "ஆடிட்டர் சார், கொஞ்சம் உடனே வர்றீங்களா?" என்றார்.

பாவாத்தாள் ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து பெட்டிக்குப் பக்கத்தில் போட்டாள்.

"இதையும் திட்டத்துல சேத்துக்கோங்க முதலாளி. பெட்டிக்கு ஒண்ணு வேணுமில்லீங்களா, ஆடிட்டர் உக்கார."