தணிகாசலம் வைத்த பலகை

நெடுங்கரை ஏரியில் மீன்கள் செத்து மிதந்த அன்று காலை தணிகாசலத்துக்குக் காபிகூட இறங்கவில்லை.

வயிறு வெளுத்துக் கிடந்த கெண்டைகளைக் காக்கைகள்கூடத் தொடவில்லை. மதகு ஓரமாகச் சாக்கு மூட்டைகள் ஒதுங்கியிருந்தன. அவிழ்ந்த வாய்களிலிருந்து கோழி இறகும் குடலும் தண்ணீரில் பரவிக்கொண்டிருந்தன. யார் வேலை என்று ஊருக்கே தெரியும். கடைத்தெருக் கோழிக்கடைக்காரர்கள்தான். கரையில் நின்ற தணிகாசலத்துக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

பொதுப்பணித்துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஏரிக்கரையில் வீடு கட்டிக்கொண்டு, பக்கத்திலிருந்த தருமச்சாலையில் தொண்டு செய்து வந்தார். பசித்து வருகிறவர் யாராக இருந்தாலும் அங்கே மதியச் சோறு உண்டு. அதை நடத்தியவர் அமிர்தவல்லி அம்மாள். வயதில் தணிகாசலத்துக்கு மகள் போல இருப்பார். ஆனாலும் அவரைத்தான் தணிகாசலம் குருவாக ஏற்றிருந்தார்.

அன்றே பெயின்ட் வாங்கி வந்து ஒரு பலகை எழுதினார். 'கோழிக்கழிவு கொட்டும் ஈனப்பிறவிகளே, இது ஏரி. உங்கள் வீட்டுக் கக்கூஸ் அல்ல.' அதை மதகுக்குப் பக்கத்தில் நட்டார். அதோடு ஆத்திரம் அடங்கவில்லை. ஆட்டோவில் மைக் செட் கட்டி, கடைத்தெருவில் ஒவ்வொரு கடைக்காரர் பெயரையும் சொல்லி அதையே படித்துக்கொண்டு போனார்.

அந்த வாரமே கிராம சபை கூடியது. ஏரியில் யாரும் எதையும் கொட்டக் கூடாது, தூர்வார வேண்டும் என்று தீர்மானம் போடுவதாக ஏற்பாடு. ஏரிப் பாசனக்காரர்கள் எல்லோரும் ஆதரவாக வந்திருந்தார்கள்.

கோழிக்கடை வைத்திருந்த கஸ்தூரி எழுந்தாள்.

"பலகையில எழுதியிருக்கறதை என் முகத்தைப் பார்த்துப் படிங்க சார்."

தணிகாசலம் படித்தார். குரல் சற்றும் தாழவில்லை.

கஸ்தூரி வெளியே நடந்தாள். அவள் தெருப் பெண்கள் பின்னாலேயே போனார்கள். பிறகு, ஏரிக்காகப் பேச வந்த விவசாயிகளும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்கள். தீர்மானத்தை எடுத்துப் படிக்கக்கூட ஆளில்லாமல் சபை கலைந்தது.

மறுநாள் விடிந்தபோது புதிய மூட்டைகள் வந்திருந்தன. இந்த முறை தண்ணீரில் இல்லை. பலகையின் காலடியில்.

தணிகாசலம் நேரே தருமச்சாலைக்குப் போனார். அமிர்தவல்லி அம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

நடந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தார் தணிகாசலம். இந்த ஜனங்களுக்காகவா நான் மாரடிக்கிறேன், அவர்கள் குடிக்கிற கிணற்றுக்கும் இந்தத் தண்ணீர்தானே ஊறுகிறது, இதுகூடவா புரியாது என்றார். கடைசியில் கேட்டார்:

"வெட்கமில்லாத ஜனங்ககிட்ட எப்படித்தாம்மா பேசறது?"

பலகையில் என்ன எழுதினார் என்று மட்டும் அம்மாள் விசாரித்தார். தணிகாசலம் ஒரு சொல் விடாமல் ஒப்பித்தார். அம்மாள் கீரைக்கட்டைத் தள்ளி வைத்துவிட்டு, மதியம் பந்தியில் நீங்களும் உட்காருங்கள் என்றார்.

அன்று கூட்டம் அதிகம். பேருந்து நிலையத்துச் சுமைகாரர்கள், சித்தாள் பெண்கள், கோயிலுக்கு வந்த வெளியூர்க்காரர்கள். தணிகாசலம் நடு வரிசையில் உட்கார்ந்திருந்தார். சாம்பார் ஊற்றிப் பிசைந்து முதல் கவளத்தை எடுத்தபோது, அமிர்தவல்லி அம்மாள் அவர் இலைக்கு நேர் எதிரே வந்து நின்றார்.

"எல்லாரும் இவரைப் பார்த்துக்குங்க" என்றார் உரத்த குரலில். "படிச்சவர். பெரிய உத்தியோகம் பார்த்தவர். இவர் வீட்டுச் சாக்கடைக் குழாய் நேரா ஏரியிலதான் விழுது. வெட்கங்கெட்ட மனுஷன்."

பந்தி முழுதும் கை நின்றது.

பொய்யில்லை. வீட்டின் பின்புறத்துக் குழாய் வாய்க்காலில் விழுந்து ஏரிக்குத்தான் போனது. தணிகாசலத்துக்கு முகமெல்லாம் ரத்தம் ஏறியது. பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார். கையைக்கூடக் கழுவாமல் வீட்டுக்கு நடந்தார்.

வீட்டில் மனைவி விசாலம் கொத்தனாருக்காகச் சாமான்களை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். அந்தக் குழாயை அடைத்து, கொல்லையில் உறிஞ்சுகுழி வெட்ட ஆள் வருவதாக இருந்தது. தணிகாசலம் போனை எடுத்துக் கொத்தனாரை வரவேண்டாம் என்றார்.

விசாலம் திகைத்தாள். நீங்கள்தானே இத்தனை நாளாக வெட்டணும், வெட்டணும் என்று துடித்தீர்கள் என்று கேட்டாள்.

"இப்ப வெட்டினா அந்தம்மா திட்டினதுக்குப் பயந்து வெட்டினேன்னு ஆகும். ஓடட்டும். ஏரிக்கே ஓடட்டும்."

இரண்டு மூன்று நாள் தருமச்சாலைப் பக்கமே போகவில்லை. தின்னும் சோறு வாயில் கசந்தது. தொண்டு செய்தவனுக்கு இதுதான் மரியாதையா? எச்சில் இலைகூட எடுத்தேனே. கூப்பிட்டுத் தனியாகச் சொல்லியிருக்கக் கூடாதா? இப்படியே உள்ளுக்குள் பேசிப் பேசிப் பொறுக்க முடியாமல், கேட்டுவிடுவது என்று ஒரு நாள் மதியம் கிளம்பினார்.

பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மாளை வாசலிலேயே நிறுத்தினார் தணிகாசலம்.

"கொத்தனாரை வரச் சொல்லியிருந்தேம்மா. நீங்க பேசின பேச்சுல வேண்டாம்னு நிறுத்திட்டேன்."

"குழாய் ஏரியில விழறது நிஜம்தானே, ஐயா?"

"நிஜம்தான். யார் இல்லைன்னது? நாலு பேர் முன்னால மனுஷனை அந்த மாதிரி சொன்னா, எவன்..."

வாய் திறந்தபடியே நின்றார். பிறகு மெல்லத் தூணைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார்.

அம்மாள் உள்ளே போனார். பந்தி நிறைந்ததும் நடுவில் நின்று, அன்றைக்குச் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவரைப் பலர் நடுவே இழிவாகப் பேசியது தன் தப்பு என்றார். படியில் இருந்த தணிகாசலத்தைப் பார்த்துக் கைகூப்பினார். அம்மாள் கண்ணில் நீர் முட்டியிருந்ததைத் தணிகாசலம் பார்த்தார். அன்று திட்டியது தனக்குப் பாடம் புகட்ட ஆடிய நாடகம் என்று படியில் உட்கார்ந்து நினைத்திருந்தவருக்கு அது சுருக்கென்றது.

அன்று மாலையே பலகையைப் பிடுங்கினார். அதே ஆட்டோவை வரவழைத்து அதே கடைத்தெருவில் நிறுத்தி, மைக்கைப் பிடித்தார். ஏரியில் கழிவு கொட்டுவது தவறு என்பதில் எனக்கு மாற்றமில்லை, ஆனால் உங்களைச் சொன்ன சொல்லுக்கு மன்னிப்புக் கேட்கிறேன் என்றார். ஒவ்வொரு பெயராகச் சொல்லிக் கேட்டார்.

தெரு சும்மா நின்று கேட்டது. யாரும் சமாதானம் சொல்லவில்லை. கஸ்தூரி மட்டும் கடையிலிருந்து இறங்கி, கையைத் துடைத்தபடி ஆட்டோ அருகில் வந்தாள். அவள் முகத்தில் கோபம் அப்படியே இருந்தது.

"உங்க பையன் ஊர்லேருந்து வந்தா, உங்க வீட்டுக்கும் நான்தான் சார் கோழி வெட்டித் தர்றேன்."

"ஆமாம்மா."

"இந்த ஊர்ல எல்லா வீட்டுக்கும் நாங்கதான் தர்றோம். கறி உங்க வீட்டுக்கு வந்திடுது. குடலும் இறகும் மட்டும் எங்களோடதா? பஞ்சாயத்து வண்டியில போட்டா நாறுதுன்னு இறக்கி விடறான். வயல்ல புதைச்சா நாய் தோண்டுதுன்னு சண்டைக்கு வர்றாங்க. கொட்டாதேன்னு சொல்ல எத்தனையோ பேர் வந்தாச்சு. எங்க கொட்டறதுன்னு நீங்க சொல்லுங்க சார். ஏரியில ஒரு இறகு விழாது."

இத்தனை வருட உத்தியோகத்தில் தணிகாசலம் எத்தனையோ ஏரிகளைப் பார்த்தவர். அந்தக் கேள்வி ஒரு தடவைகூட மனதில் வந்ததில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார்.

தருமச்சாலையில் அம்மாள் அண்டாவைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். தணிகாசலம் நடந்ததைச் சொன்னார். உறிஞ்சுகுழி வேலை காலையில் தொடங்குகிறது என்றும் சொன்னார். பிறகு தயங்கி நின்றார்.

"எங்க கொட்டறதுன்னு கேட்கறா, அம்மா. ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஒரு திட்டம் போட்டு, நாளைக்குப் போய் அவங்களுக்குச் சொல்லிடலாம்னு இருக்கேன்."

அம்மாள் நிமிர்ந்து பார்த்தார்.

"எங்க கொட்டலாம்னு அவளைக் கேட்டீங்களா, ஐயா?"

தணிகாசலம் கேட்கவில்லை. கேட்கலாம் என்றே அவருக்குத் தோன்றவில்லை.