கூகைப்பாறைக்கு வந்த சட்டம்

சும்மா கிடந்த பாறைக்கே சட்டம் போட்டார் ஒரு ராஜா. அந்தக் கூத்தைச் சொல்கிறேன், கேளுங்கள்.

கோட்டைப்பாடி ஊருக்கு மேற்கே ஒரு குன்று, பெயர் கூகைப்பாறை. அதைச் சுற்றி மேய்ச்சல் வெளி, அதற்கு அப்பால் ஏரி. சாயங்காலமானால் ஊரே ஆடுமாடுகளோடு அங்கேதான். ஏரிக்குள் சூரியன் இறங்குவதைப் பார்த்த பிறகுதான் வீட்டுக்குப் போய் உலை வைப்பார்கள்.

அரண்மனையில் மழவராயர் என்று ஒரு மந்திரி. ராஜா வீரகேசரியின் காதைக் கடிப்பதே அவருக்குப் பிழைப்பு. "மன்னா, கண்டவர் கண்ணெல்லாம் பட்டுக் கூகைப்பாறைக் காட்சி களையிழந்து போகிறது. சுற்றிச் சுவர் எழுப்புங்கள். தாங்கள் மட்டும் பாருங்கள்" என்றார்.

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "கூகைப்பாறைக் காட்சி மன்னருக்கு மட்டுமே. வேறு எவர் கண்ணும் படக் கூடாது!" என்று பறையறையச் சொன்னார். மறுநாள் மாலை ராஜா போய்ப் பார்ப்பது, அதற்கடுத்த நாள் சுவருக்குக் கடைக்கால் தோண்டுவது என்று ஏற்பாடு.

அரசவை விகடர் அம்பலவாணர் வீட்டுக்கு வந்தால் அடுப்பு எரியவில்லை.

"நம்ம ஆடு இனிமே எங்கே மேயும்? நான் எங்கே போய் மூச்சு விடுவேன்?" என்றாள் மனைவி உமையாள். "தினமும் ராஜாவைச் சிரிக்க வைக்கிறீங்களே, இதுக்கு ஒரு வழி பண்ண முடியாதா? பாறை திரும்பி வரட்டும், அப்புறம் சோறு."

மனுஷனுக்குச் சுருக்கென்று தைத்தது. அந்தப் பாறை இல்லாத சாயங்காலத்தை அவராலும் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் பல்லக்குப் புறப்படும் நேரம். அம்பலவாணர் ஒரு துணி மூட்டையோடு வந்தார். பல்லக்குத் தூக்கிகள் நால்வர் கண்ணையும் கட்டினார். காவலர் கண்ணையும் கட்டினார். மழவராயருக்கு மட்டும் இரண்டு சுற்று. கடைசியில் தன் கண்ணையும் கட்டிக்கொண்டார்.

"என்னய்யா இது?" என்றார் ராஜா.

"தங்கள் உத்தரவுதான் மன்னா. வேறு எவர் கண்ணும் படக் கூடாதே!"

சொன்ன சொல்லை ராஜா மாற்றுவாரா? மீசையை முறுக்கிக்கொண்டு, "ம், தூக்குங்கள்!" என்றார்.

பல்லக்குத் தூக்குகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. முன்னால் போகிறவன் பாதையைப் பார்த்து, 'கல்லு', 'பள்ளம்' என்று குரல் கொடுப்பான். மற்றவர்கள் அதைக் கேட்டு அடி வைப்பார்கள். முன்னால் போன முத்திருளன் பத்தடியில் நின்றுவிட்டான்.

"மகாராசா, எனக்குக் கண்ணு கட்டியிருக்கு. சாமிதான் பாத்துச் சொல்லணும்."

வேறு வழி? ராஜா தலையை வெளியே நீட்டி, "கல்லு! ஐயையோ, பள்ளம்! இடப்பக்கம்டா, இடப்பக்கம்!" என்று தொண்டை வறளக் கத்திக்கொண்டே மலையேறினார். பின்னால் மழவராயர் ஒரு முள்செடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

உச்சிக்கு வந்து இறங்கியபோது சூரியன் ஏரியைத் தொட்டுவிட்டது. சிவந்த தண்ணீரிலிருந்து நாரைக் கூட்டம் ஒன்று ஜிவ்வென்று கிளம்பியது.

"அடடா! அம்பலவாணரே, அதோ பாரும்!"

"உத்தரவு இல்லை மன்னா."

"மழவராயரே, அந்த நாரைகளைப் பாரும்!"

"ஆகா, அற்புதம் மன்னா!" என்று மந்திரி எதிர்ப்பக்கம் திரும்பிக் கும்பிட்டார்.

"முத்திருளா, நீயாவது..."

"கண்ணு கட்டியிருக்கு சாமி."

ராஜாவுக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை பேர் சுற்றி நின்றும், 'ஆமாம், அழகுதான்' என்று சொல்ல ஒரு ஜீவன் இல்லை.

"அவிழுங்கள்! சூரியன் போய்விடப் போகிறது, சீக்கிரம் அவிழுங்கள்!"

அங்கேயே புதுச் சட்டம் பிறந்தது. கூகைப்பாறையும் மேய்ச்சல் வெளியும் ஊருக்குப் பொது. அவற்றை அடைக்கவோ, காட்சியை மறைக்கவோ எவருக்கும் உரிமை இல்லை, ராஜாவின் வாரிசுகளுக்கும்கூட.

மழவராயர் சும்மா இருப்பாரா? "மன்னா, இதை மூன்றாள் உயரக் கல்லில் வெட்டி, இந்த உச்சியிலேயே நடுவோம்!"

ராஜாவுக்கு மறுபடி உச்சி குளிர்ந்தது. "அம்பலவாணரே, கல்லை எந்தப் பக்கம் நிறுத்தலாம்?"

"படுக்கப் போட்டுவிடுங்கள் மன்னா. நின்றால், தங்கள் சட்டத்தை மீறும் முதல் ஆள் அந்தக் கல்தான்!"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். "பிழைத்துப் போம்! என்ன பரிசு வேண்டும்?"

"அந்தக் கல்லின் மேல் என் மனைவி உட்கார ஓர் இடம் கொடுங்கள் மன்னா. நேற்றிலிருந்து நான் பட்டினி!"